ஊதா மூடிக் குழாய்

எங்கள் ராத்தா நஸ்லியாவின் காறையெலும்பை அவளுடைய புருஷன் உடைத்த அன்று, தெரு முழுக்க வட்டிலப்பம் பங்கிட்டு முடிந்திருந்தது. அவளுக்கு அறுபத்தெட்டு நாளாக மாதவிலக்கு வரவில்லை. கல்முனைக்குடியில் கலியாணம் கட்டி மூன்று வருடமான பெண்ணுக்கு அறுபத்தெட்டு நாள் தள்ளிப்போனால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அவளுடைய மாமியார் றாஹிலா மாமி சோதனை கீதனை என்று எதற்கும் காத்திருக்கவில்லை. முப்பது முட்டை உடைத்து, கருப்பட்டி கரைத்து, ஏலம் தட்டிப் போட்டு அவித்து இறக்கிவிட்டார்.

என் பெயர் றுஸ்தா. ராத்தாவுக்கு மூன்று வயது இளையவள். கல்முனை டவுனில் ஒரு தனியார் லெப்பில் இரத்தம் எடுப்பதும் சோதிப்பதும் என் வேலை. ராத்தாவின் சிறுநீரை நான்தான் சோதித்தேன். ஒரு கோடு வந்தது. இன்னொரு பட்டியை நனைத்தேன். அதிலும் ஒரு கோடுதான். பிறகு இரத்தம் எடுத்து ஹோர்மோன் பார்த்தேன். முட்டையை வளர்த்தெடு என்று மூளை சூலகத்துக்கு அனுப்பும் ஹோர்மோன் ஒன்று இருக்கிறது. சாதாரணமாக அது பத்துக்குக் கீழே நிற்கும். ராத்தாவுக்கு எழுபத்தொன்று. சூலகம் பதில் சொல்லாவிட்டால்தான் மூளை அப்படித் தொண்டை கிழியக் கத்தும். ஐம்பது வயது மனுசிகளுக்கு வர வேண்டிய இலக்கம் அது. ராத்தாவுக்கு வயது இருபத்தேழு.

பின்னேரம் போய் விசயத்தைச் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. வயிற்றில் ஒன்றுமில்லை, இனி வருவதும் கஷ்டம் என்று போட்டு உடைத்தேன். றினாஸ் அப்போதுதான் கடையிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தான். ராத்தாவின் புருஷனை மச்சான் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. ஹெல்மெட் இன்னும் அவன் கையில் இருந்தது. ஒரு சுழற்று சுழற்றினான். காய்ந்த முருங்கைக் கொப்பு முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. ராத்தா சுவரில் தலை மோதி, சுவரோடு சுவராக வழுகி இறங்கி நிலத்தில் உட்கார்ந்தாள். அவன் மறுபடியும் ஓங்கியபோது நான் அவன் கையைக் கடித்தேன். இரத்தம் வரும்வரை கடித்தேன். றாஹிலா மாமி வாசலில் நின்று, தெரு முழுக்க வட்டிலப்பம் குடுத்துட்டனே, இனி என்ட மூஞ்சிய எங்க வைக்கிற என்று அழுதார். மருமகளின் காறையெலும்பு உடைந்து தோலுக்குள் கூடாரம் அடித்து நின்றது அவர் கண்ணில் படவே இல்லை.

எங்கள் பக்கத்துக் கலியாணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் இங்கே கலியாணம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார். ராத்தாவின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. அந்த வளவு உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. உறுதிப் பத்திரம் ராத்தாவின் பெயரில் இருக்கிறது. ஆகவே ராத்தா அடிவாங்கியது முழுக்க முழுக்கச் சொந்த வீட்டில்.

குடி என்று நாங்கள் சொல்லும் வம்சமும் எங்களுக்கு உம்மா வழியில்தான் வரும். வாப்பா எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளைகள் உம்மாவின் குடி. பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார். கலியாணம், மௌத்து, சண்டை எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குடி உம்மா வழியில் வருவதால் உடம்பில் உள்ள குறையும் அந்த வழியில்தான் வரும் என்று ஊர் ஒரு முடிவு கட்டி வைத்திருக்கிறது. ராத்தாவின் விசயம் வெளியே வந்த மூன்றாம் நாளே தீர்ப்புச் சொல்லியாயிற்று. சித்தி லைலாவின் குடி வித்துக் கெட்ட குடி. சித்தி லைலா என்பது எங்கள் உம்மாவின் பெயர். அதற்கு அத்தாட்சியாக உம்மாவின் மூத்த சகோதரி ஆமினா உம்மாவை இழுத்தார்கள். அவருக்கும் பிள்ளை இல்லை. கலியாணம் முடித்த பதினேழாம் நாள் புருஷன் கட்டாருக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். ஆள் கட்டாரில் இருக்க இவர் இங்கே எப்படிப் பிள்ளை பெறுவது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வாப்பா முகைதீன்பாவா சவளக்கடைப் பக்கம் பதினான்கு ஏக்கர் வயல் செய்கிறவர். ஊரில் போடியார் என்பார்கள். மழைக்கும் வாய்க்காலுக்கும் பயப்படாத மனிதர் ஊர் வாய்க்குப் பயந்துவிட்டார். பள்ளியிலிருந்து வருவார், சாறனில் கட்டியிருக்கும் அகலமான பட்டியைக் கழற்றுவார். உம்மா அடுப்படியில் இருந்தால் அடுப்படியில், கிணற்றடியில் இருந்தால் கிணற்றடியில். ஒருநாள் உம்மாவின் முழங்கையை அடுப்புக் கல்லோடு வைத்து மிதித்தார். தோல் கல்லில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் இடையில் விழுந்தேன். காதோடு சேர்த்து ஒரு அறை. ஒரு கிழமை அந்தக் காதில் வேறு ஒன்றும் கேட்கவில்லை, இரைச்சல் மட்டும்தான்.

"உன்ட குடிட குத்தத்துக்கு நான் ஏன் தலை குனியோணும்?" அடிக்கும்போதெல்லாம் வாப்பா கேட்டது இந்த ஒன்றைத்தான்.

உம்மா பதில் சொன்னதே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். தன் குடியில்தான் குற்றம் என்று உம்மாவும் நம்பியிருந்தார். மகளின் வயிற்றைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்து, வாங்கிய அடியை எல்லாம் அதற்குரிய தண்டனை என்று ஏற்றுக்கொண்டார்.

ராத்தாவின் எலும்பு கோணலாகப் பொருந்திய பிறகு நாங்கள் மூன்று பேரும் கொழும்புக்குப் போனோம். வாப்பாவிடம் யாரோ உறவினரின் கலியாணம் என்று பொய் சொன்னோம். நான் லெப் மூலம் விசாரித்து வைத்திருந்த பெண் டொக்டர் ஒருவர் அங்கே இருந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ராத்தாவின் இரண்டு சூலகமும் அவரை விதை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. ஏன் இப்படி என்று உம்மா கேட்டார். டொக்டர் ஒரு கடதாசியைத் திருப்பிப் போட்டு வட்டங்கள் கீறத் தொடங்கினார்.

ஒரு பெண்பிள்ளை பிறக்கும்போதே ஆயுசுக்கு வேண்டிய முட்டைகள் எல்லாம் அவள் உடம்பில் இருக்கின்றன. ஒவ்வொரு முட்டையையும் சுற்றி ஒரு வரிசைக் கலங்கள், செல்கள், உறையாக மூடியிருக்கும். முட்டை உள்ளே சும்மா படுத்திருப்பதில்லை. தானே ஒரு புரதத்தைச் செய்து வெளியே விடுகிறது. பி.எம்.பி. பதினைந்து என்று அதற்குப் பெயர். அந்தப் புரதம் போய்ச் சுற்றியிருக்கும் கலங்களை எழுப்பி வேலை வாங்குகிறது. கலங்கள் பெருகும், அடுக்கடுக்காகச் சூழும், முட்டைக்குத் தீனி கொடுக்கும். உறை வளர்ந்து நீர் கட்டி நாவற்பழ அளவுக்கு வந்து வெடிக்கும்போதுதான் முட்டை வெளியே வரும். அந்தப் புரதம் சரியாக வராவிட்டால் உறை பாதி வழியில் நின்று, வாடிச் செத்துப்போகும். அப்படி ஒவ்வொன்றாகச் சாகச் சாக, ஐம்பது வயதில் தீர வேண்டிய முட்டைகள் முப்பதுக்கு முன்னரே தீர்ந்துவிடும். ராத்தாவுக்கு அதுவாக இருக்கலாம் என்று டொக்டர் சந்தேகப்பட்டார். பலவிதக் காரணங்கள் உண்டு, ஆனால் இதையும் பார்க்கலாம் என்றார்.

உம்மா அந்த வட்டங்களைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "குடலைக்குள்ளயே பதராப் போற மாதிரி" என்றார். நெல்லுக் கதிர் தண்டுக்குள் இருக்கும்போதே கருகுவதைத்தான் உம்மா சொன்னார். டொக்டருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். அதுதான், சரியாக அதுதான் என்று அவர் தலையாட்டினார்.

அவர் அந்த நேரம் இப்படிப்பட்ட குடும்பங்களின் மரபணுவை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்க்கும் ஆய்வொன்று செய்துகொண்டிருந்தார். எங்கள் மூவரின் இரத்தத்தையும் எடுத்தார். உம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், வாப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம், வாப்பாவின் இரத்தமும் இருந்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்றார். வாப்பாவிடமிருந்து இது வர முடியும் என்பதையே உம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது, எடுத்தால் உங்கட வாப்பா என்னைக் கொன்றுபோடுவார் என்று பஸ்ஸில் வரும்போது மூன்று தரம் சொன்னார்.

நான் எடுக்கவில்லை. வாப்பாவின் இரத்தத்தைத்தான் எடுத்தேன்.

மாதம் ஒருக்கால் வாப்பா சுபஹு தொழுதுவிட்டு, வெறும் வயிற்றோடு சீனி பார்க்க எங்கள் லெப்புக்கு வருவார். மகள் வேலை செய்யும் இடம் என்று அவருக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. சீனிக்குச் சாம்பல் மூடிக் குழாய். மூன்று மாதச் சீனியைப் பார்க்க ஊதா மூடிக் குழாய். ஊதாவில் இரத்தம் உறையாது. மரபணு பார்ப்பதற்கும் அந்தக் குழாய்தான் வேண்டும். அன்றைக்கு நான் ஊதா இரண்டை எடுத்து வைத்திருந்தேன். பிஸ்மி சொல்லிக் குத்தினேன். வாப்பாவின் நரம்பு நல்ல தடிப்பு, தேடவே தேவையில்லை. உம்மாவின் முதுகில் பட்டியை இறக்கும் அதே கை என் மேசையில் உள்ளங்கை மேலே பார்க்க, நோகாமல் குத்து மகள் என்று கேட்டுக்கொண்டு கிடந்தது. இரண்டாவது குழாய் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கொழும்பு டொக்டருக்கு அனுப்பிய சம்மதக் கடதாசியில் அவருடைய கையெழுத்தை நானே போட்டேன். அது பிழையான வேலை. வேலை போகக்கூடிய பிழை. அதற்காக எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

முடிவு வர எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் றினாஸ் சும்மா இருக்கவில்லை. ராத்தாவின் மேல் பற்கள் இரண்டு போயின. கொதிக்கிற தேத்தண்ணியை அவளுடைய மடியில் ஊற்றினான். மாதா மாதம் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்றைக்குக் காலையில் வந்து, என்ன, ஏதாவது தள்ளிப்போச்சா என்று கேட்டு, இல்லை என்றால் அடித்தான். இதில் உள்ள கோமாளித்தனம் அவனுக்கு விளங்கவே இல்லை. அவளுக்குத் தள்ளிப்போவதற்கு இனி ஒன்றும் இருக்கவில்லை. பொலிசுக்குப் போவோம் என்று ராத்தாவை இரண்டு தரம் இழுத்தேன். உனக்குக் கலியாணம் பேசுகிற நேரம், வேண்டாம் என்று இரண்டு தரமும் கையை உதறினாள்.

பிறகு அவன் கேட்கத் தொடங்கியது வீட்டை. தன்னை ஏமாற்றிவிட்டார்களாம். வித்தில்லாத குடியில் கட்டிக் கொடுத்தார்களாம். வீட்டைத் தன் பெயரில் எழுதித் தந்தால் இரண்டாம் கலியாணம் முடித்து அவளையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ராத்தாவைப் பின்னறையில் இருக்கவிடுவானாம். எழுதாவிட்டால் தலாக் சொல்லிவிட்டு, அந்தக் குடியில் இனி ஒருத்தரும் பெண் எடுக்காதபடி ஊரூராகச் சொல்லித் திரிவானாம். அடுத்த பெண் நான். என்னைக் காட்டித்தான் அவன் மிரட்டினான்.

வாப்பா ஒத்துக்கொண்டார். குற்றம் உம்மாவின் குடியில், வளவும் உம்மாவின் குடியில் வந்த வளவு, ஆகவே அந்தக் குற்றத்துக்கு அந்த வளவு போகட்டும், சின்னவளாவது கரை சேரட்டும் என்று நியாயம் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ராத்தாவின் வீட்டிலேயே எழுத்து என்று நாள் குறித்தாயிற்று.

புதன்கிழமை டொக்டர் முடிவை அனுப்பினார், தொலைபேசியிலும் கதைத்தார். நான் லெப்பின் மலசலகூடத்துக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு கேட்டேன். உம்மாவின் மரபணுவில் ஒரு கோளாறும் இல்லை. பி.எம்.பி. பதினைந்தின் மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில், எக்ஸ் குரோமோசோமில், இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. வாப்பாவின் அந்த ஒன்றில்தான் ஓரிடத்தில் பிழை இருந்தது. அவருக்குச் சூலகம் இல்லை, ஆகவே அவருக்கு அதனால் ஒரு காய்ச்சல் கூட வராது. ஆனால் அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகளுக்கும் அந்த எக்ஸைத்தான் கொடுப்பார், கொடுக்க வேறொன்று அவரிடம் இல்லை. ஒவ்வொரு மகளுக்கும் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. உங்களிடமும் இருக்கிறது, றுஸ்தா, கெதியாக வந்து என்னைப் பாருங்கள், உங்களுக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கலாம் என்றார்.

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சம் இருந்த ஆறு பேருக்கும் இரத்தம் எடுத்தேன். ஒரு மனுசிக்கு நரம்பு தவறி இரண்டு தரம் குத்திவிட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

ராத்தாவிடம் மட்டும் சொன்னேன், என் பங்கை மறைத்துவிட்டு. அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆருட குத்தமெண்டாலும் எனக்குப் புள்ள வரப்போறல்ல" என்றாள். "எனக்கு இந்த வீடு வேணும் றுஸ்தா. ஒருத்தனும் வந்து அடிக்காம நான் படுத்து எழும்புறத்துக்கு ஒரு வீடு. அதுக்கு அந்தக் கடதாசி ஒதவுமெண்டா வாசி."

உதவும் என்று நான் நம்பினேன். படித்தவளின் மடத்தனம் அது. கடதாசியில் அச்சடித்து, முத்திரை குத்தி, இலக்கம் போட்டு வந்த உண்மையைக் கண்டால் ஓங்கிய கை தானாக இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்தாவின் முன்மண்டபத்தில் ஐந்து கதிரைகள் போட்டிருந்தன. வாப்பா, றினாஸ், றாஹிலா மாமி, எங்கள் குடி மரைக்கார் றஸாக், பிறகு உறுதி எழுத டவுனிலிருந்து வந்த ஒரு நொத்தாரிசு. வீடு பறிக்க வந்தவர்களுக்கும் சோறு போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஊர் மரியாதை. உம்மா அடுப்படியில் மாட்டிறைச்சி ஆக்கி இறக்கிவிட்டு, பால்சொதிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். நொத்தாரிசு உறுதியை வாசித்து முடித்தார். ராத்தாவின் இடது பெருவிரல் அடையாளம் வைக்க மைப்பெட்டியைத் திறந்தார். நான் எழும்பினேன்.

நின்றுகொண்டே கொழும்புக் கடதாசியை வாசித்தேன். இங்கிலீசை விட்டுவிட்டு எங்கள் பாசையில் சொன்னேன். முட்டை விடும் புரதத்தைச் சொன்னேன், அது வராமல் உறைகள் வாடிப்போவதைச் சொன்னேன், அந்தப் பிழை எந்த நிறமூர்த்தத்தில் எந்த ஆளிடமிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். மரைக்காருக்கு விளங்கினால் போதும் என்று அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப லைலாட குடியில குத்தமில்ல எண்டு சொல்ற?"

"ஓம், மரைக்கார். ஒரு துளியும் இல்ல. குத்தம் வாப்பாட ரெத்தத்தில இருந்து வந்த."

அடுப்படியில் தேங்காய் உடைக்கும் சத்தம் நின்றது. வாப்பா எழும்பியதை நான் பார்த்தேன், ஆனால் விலக நேரம் இருக்கவில்லை. பட்டியின் கொளுக்கி என் உதட்டில் பட்டது. வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது. என்ட ரெத்தத்த ஆருட உத்தரவுல எடுத்த என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நான் கீழே விழுந்த பிறகும் அடித்தார். தான் கொடுத்தது பிழையான எக்ஸ் என்பதல்ல அவருடைய கோபம். தன்னைக் கேட்காமல் ஒரு பெண் தன் இரத்தத்தைத் திறந்து பார்த்துவிட்டாள், அதுதான் அவரைக் கொளுத்தியது. மரைக்கார், போடியார், போடியார் என்று கூப்பிட்டாரே தவிரக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

றினாஸ் சிரித்தான். "குத்தம் மாமாவால வந்தா என்ன, மாமியால வந்தா என்ன? ஏமாந்தவன் நான்தானே. விரல வைக்கச் சொல்லுங்க."

எட்டு மாதம் நான் காத்திருந்த உண்மைக்கு அந்த மண்டபத்தில் கிடைத்த மதிப்பு அவ்வளவுதான்.

வாப்பா பட்டியை எறிந்துவிட்டு ராத்தாவின் இடது கையைப் பிடித்தார். ராத்தா பெருவிரலை உள்ளே மடக்கி முட்டியை இறுக்கிக்கொண்டாள். அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். சின்னவிரல் பின்பக்கம் வளைந்து முறிவதை நான் நிலத்தில் கிடந்தபடி பார்த்தேன். அப்போதும் அவள் பெருவிரலை விடவில்லை. றினாஸ் அவளுடைய தலைமுடியைப் பின்னாலிருந்து சுற்றிப் பிடித்து முகத்தை மேசையோடு அழுத்தினான். உறுதிக் கடதாசி அவளுடைய எச்சிலிலும் இரத்தத்திலும் நனைந்தது. நொத்தாரிசு சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உம்மா வந்த சத்தம் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. கையில் தேங்காய் உடைக்கும் கத்தி இருந்தது. நான் பார்த்தேன், அவர் அதை நிதானமாகத் திருப்பினார், கூர் மேலே வர, முதுகு கீழே வர. பிறகு இரண்டு கையாலும் ஓங்கி, ராத்தாவின் விரலைப் பிரித்துக்கொண்டிருந்த வாப்பாவின் மணிக்கட்டில் இறக்கினார். ஒரு அடி. தேங்காய்க்குப் போடுகிற அதே அடி. கை அந்த இடத்தில் ஒரு புது மூட்டு வைத்தது போல மடிந்தது. வாப்பா வாயைத் திறந்தார், சத்தம் வர நேரம் எடுத்தது.

"இது என்ட குடியில இருந்து வந்த" என்றார் உம்மா.

கத்தியை மறுபடி திருப்பிப் பிடித்தார். இப்போது கூர் றினாஸின் பக்கம் இருந்தது. அவன் ராத்தாவின் முடியை விட்டான். உம்மா ஒரு அடி முன்னுக்கு வைக்க, அவன் இரண்டு அடி பின்னுக்கு வைத்தான். அந்த மனுசி தயங்கப்போவதில்லை என்பது அவருடைய கண்ணைப் பார்த்த எல்லோருக்கும் விளங்கியது. எனக்கே பயமாக இருந்தது. பயத்தோடு சேர்த்து ஒரு சந்தோசமும் வந்தது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. றினாஸ் செருப்பைக் கூடப் போடாமல் வாசல் படலையைத் தாண்டினான். றாஹிலா மாமி அவனுக்குப் பின்னால் ஓடினார். நொத்தாரிசு பைலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நழுவினார். மரைக்கார் மட்டும் இருந்து, இந்த வளவு விசயமாக இனி ஒருத்தரும் என்னிடம் வரத் தேவையில்லை என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ராத்தா முறிந்த விரலோடு மைப்பெட்டியை மூடி, நனைந்த உறுதியை நாலாகக் கிழித்தாள்.

வாப்பாவை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உம்மா அசையவில்லை. ராத்தாவுக்கு உம்மாவை விட்டு வர மனமில்லை, தன் விரலுக்கு நான் திரும்பி வந்த பிறகு போகலாம் என்றாள். கட்டுப் போடத் தெரிந்தவள் நான். ஒரு பத்திரிகையைத் தடிப்பாக மடித்து மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து, என் ஷோலால் சுற்றிக் கட்டினேன். என் உதட்டிலிருந்து அவருடைய சாறனில் இரத்தம் சொட்டியது. நிப்பாட்டுங்க காக்கா என்று தெருவில் போன ஒரு ஓட்டோக்காரரை மறித்து அவரை ஏற்றி, பக்கத்தில் நானும் ஏறினேன்.

ஓட்டோ சந்தையைத் தாண்டியது. வாப்பாவின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அந்தக் கடதாசி மெய்யா?"

ஓம் என்றேன்.

"ரெண்டு மகளுக்கும் நான் குடுத்திருப்பன் எண்டா, ஒனக்கும் இரிக்கா?"

இந்தக் கேள்வியை அவர்தான் முதலில் கேட்டார். அந்த மண்டபத்தில் வேறு ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. "ஓம் வாப்பா. எனக்கும் இரிக்கி" என்றேன். மூன்று நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

வாப்பாவின் கண் நிறைந்து வழிந்தது. அவர் அழுது நான் கண்டதே இல்லை. நல்ல கையால் என் தலையைத் தொட்டார். உண்மையைச் சொன்னால், அவர் அடித்த அடி எல்லாம் அந்த ஒரு நிமிசத்தில் எனக்கு மறந்துபோயிற்று. ஒரு சொல் சொல்லப்போகிறார், உம்மாவைப் பற்றி ஒரு சொல், அது போதும் என்று சின்னப்பிள்ளை போல அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மரைக்காருக்கிட்ட நான் கதைக்கிறன்" என்றார் மெதுவாக. "லெப்புல கொழாய் மாறிப்போச்சி எண்டு நீ சொல்லு மகள். உம்மாட குடியால வந்த எண்டே இரிக்கட்டும்."

நான் குனிந்து ஷோலின் முடிச்சை அவிழ்த்தேன். பிறகு இரண்டு நுனியையும் பிடித்து, என் பலம் எல்லாம் கூட்டி இறுக்கினேன். உள்ளே எலும்போடு எலும்பு உரசியது என் விரலுக்குத் தெரிந்தது. வாப்பா அலறினார். ஓட்டோக்காரர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பினார்.

"நேர பாத்து ஓட்டுங்க காக்கா" என்றேன்.